பதினெட்டுப் புள்ளிகள்

தொண்ணூறுகளின் நடுவில் எங்கள் பக்கத்துக் கல்லூரிகளில் இயற்பியலில் முனைவர் பட்டம் வாங்க வேண்டுமென்றால் படிகம் வளர்க்க வேண்டும். பீக்கரில் ஒரு உப்புக் கரைசல், அதை மூட ஊசியால் துளை போட்ட தாள், ஜன்னலோரம் ஒரு மேசை. கரைசல் தானாக வற்றும், படிகம் தானாக வளரும், ஆராய்ச்சியாளர் அதற்குக் காவல். பாளையங்கோட்டையில் நான் விரிவுரையாளராக இருந்த துறையில் ஐந்து பேர் அப்படிக் காவல் இருந்தார்கள். ஆறாவது ஆளாக நான் சேர வேண்டும் என்பது துறைத்தலைவரின் திட்டம். நான் மாட்டேன் என்றேன். கேலக்சி பார்க்கப் போகிறேன் என்றேன்.

அவர் வாய்விட்டுச் சிரித்தார். "தாமிரபரணிக் கரையில உக்காந்துக்கிட்டு எந்த டெலஸ்கோப்புல பாக்கப் போறிய?"

விண்வெளியில் சுற்றும் தொலைநோக்கியில் என்றேன். அதன் கண்ணாடியைத் தப்பாகத் தேய்த்துவிட்டார்களாமே, பேப்பரில் படித்தேனே என்றார். ஆட்கள் மேலேயே போய்ச் சரிசெய்துவிட்டு வந்ததும் பேப்பரில் வந்ததே சார் என்றேன். அதன் பிறகு விதியைச் சொன்னேன். அந்தத் தொலைநோக்கி எடுக்கும் படம் ஒரு வருடத்துக்குத்தான் கேட்டு எடுத்தவர்களுக்குச் சொந்தம். அதற்குப் பிறகு உலகத்தில் யார் வேண்டுமானாலும் கேட்டு வாங்கலாம். அந்த 'யாரில்' கல்லிடைக்குறிச்சியிலிருந்து தினமும் ரயிலேறி வரும் நானும் உண்டு என்பதில் எனக்குக் கொஞ்சமும் சந்தேகம் இருக்கவில்லை. பல்கலைக்கழகம் அங்கீகரித்த வழிகாட்டி எங்கள் கல்லூரியில் அவர் ஒருவர்தான். ஆறு மாதத்தில் பீக்கருக்குத் திரும்பிவிடுவேன் என்ற நம்பிக்கையில் என் ஆய்வுப் பதிவுக்குக் கையெழுத்துப் போட்டார்.

கோடை விடுமுறையில் புனேயில் உள்ள ஓர் ஆய்வு மையத்துக்குப் போனேன். கல்லூரி ஆசிரியர்கள் வந்து தங்கி அவர்களுடைய கம்ப்யூட்டர்களில் வேலை செய்யலாம். கன்னி ராசிப் பக்கம் உள்ள ஒரு கேலக்சியின் படங்கள் கிடைத்தன. ஒரு படத்துக்கு இரண்டு பிளாப்பி பிடித்தது. ஒவ்வொரு பகுதியையும் இரண்டு முறை எடுத்திருந்தார்கள். திரையில் பார்த்தால் இரண்டும் ஒன்றுபோலவே இருந்தன. ஒரே சாமானை எதற்கு இரண்டாகச் சுமக்க வேண்டும் என்று ஒன்றை மட்டும் எடுத்துக்கொண்டேன். என்னிடம் பிளாப்பிகளும் குறைவு. எதற்காக இரண்டு என்று பக்கத்து மேசையில் இருந்தவரைக் கேட்டிருக்கலாம். கேட்டால் தெரியாதவள் என்று நினைத்துவிடுவார்களோ என்ற வீம்பு.

ஊருக்கு வந்ததும் என் ஆய்வுக்கூடம் ஜங்ஷன் பக்கத்தில் மாடியில் இருந்த ஒரு கம்ப்யூட்டர் சென்டர். டைப்ரைட்டிங் முடித்த பிள்ளைகள் அடுத்து எதையாவது படிக்கலாம் என்று வரும் இடம். அந்த கம்ப்யூட்டரால் படத்தைப் படமாகக் காட்ட முடியவில்லை. சரி, எண்ணாகக் காட்டு என்று நானே ஒரு புரோகிராம் எழுதினேன். படத்தின் ஒவ்வொரு சின்னக் கட்டத்திலும் எவ்வளவு ஒளி விழுந்தது என்று ஓர் எண். கேலக்சியின் நடுப்பகுதியை மட்டும் அச்சடித்தாலே இரண்டு ஓரமும் துளை போட்ட தாள் மீட்டர் கணக்கில் வந்து விழும். அதை வெட்டி, மைதாப் பசையால் ஒட்டி, ஒரே அளவு ஒளி உள்ள கட்டங்களைக் கலர் பென்சிலால் இணைத்துக் கோடு போடுவேன். பாதி வேலை செங்கோட்டை பாசஞ்சரில்தான் நடந்தது. வீரவநல்லூரில் ஏறும் ஒரு நெசவுக்காரர் என் தாளைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, இது எந்தச் சேலைக்கு உள்ள டிசைன் என்று கேட்டார். கன்னி ராசியில் உள்ள கேலக்சி என்றேன். எதிர் சீட்டில் இருந்த அம்மா தன் மகளுக்கும் கன்னி ராசிதான், கல்யாணம் எப்போது கூடும் என்று பார்த்துச் சொல்லச் சொன்னார்.

கோடுகளுக்கு நடுவே பதினெட்டு இடங்களில் எண் திடீரென்று எகிறியது. சுற்றிலும் நாற்பது, ஐம்பது. அந்தக் கட்டத்தில் மட்டும் தொள்ளாயிரம். நட்சத்திரக் கொத்துகள் என்று முடிவுகட்டினேன். இதுவரை யாரும் குறிப்பிடாத கொத்துகள். என் ஆராய்ச்சியை மதிப்பிடும் ஆய்வுக்குழுவின் முதல் கூட்டத்தில் சொன்னபோது, வானியல் தெரிந்து மறுத்துப் பேச அங்கே ஆளில்லை. மறுவாரம் உள்ளூர்ப் பேப்பரில் செய்தி வந்தது. போட்டோவில் என் தாளை விரித்துப் பிடித்துக்கொண்டு நின்றவர் துறைத்தலைவர். நான் ஓரத்தில் பாதி தெரிந்தேன். உள்ளதைச் சொல்வதானால், அந்தப் பாதியே எனக்குப் பெருமையாக இருந்தது.

பிறகு ஒரு நாள் இரண்டாம் ஆண்டுக்கு ஒளியியல் வகுப்பு. வட்டத் துளை வழியாக வரும் ஒளி எவ்வளவு நல்ல லென்சாக இருந்தாலும் புள்ளியாகக் குவியாது, கொஞ்சம் பரவித்தான் விழும் என்று கரும்பலகையில் வட்டம் போட்டுச் சொல்லிக்கொண்டிருந்தேன். வருடா வருடம் சொல்வதுதான். பாதி வாக்கியத்தில் வாய் நின்றுவிட்டது. தொலைநோக்கியும் வட்டத் துளைதானே. நட்சத்திரக் கொத்து என்றால் பக்கத்துக் கட்டங்களுக்கும் ஒளி சிந்தியிருக்க வேண்டும். என் பதினெட்டும் ஒரே கட்டத்தில் குத்துக்கல்லாக நின்றன. பிள்ளைகள் நான் மேலே சொல்வதற்காகக் காத்திருந்தார்கள். இன்றைக்கு இவ்வளவு போதும் என்று வெளியே வந்துவிட்டேன்.

எஸ்.டி.டி. பூத்திலிருந்து புனேக்குப் பேசி, நான் விட்டுவந்த இரண்டாவது படத்தைக் கேட்டேன். பதிவுத் தபாலில் பிளாப்பிகள் வந்தன. அச்சடித்து, இரண்டு தாள்களையும் கம்ப்யூட்டர் சென்டரின் தரையிலேயே பக்கத்தில் பக்கத்தில் விரித்தேன். பதினெட்டில் ஒன்றுகூட இரண்டாவது தாளில் இல்லை. விண்வெளியில் எந்நேரமும் துகள்கள் பாய்ந்துகொண்டிருக்கின்றன. படம் பிடிக்கும் சிலிக்கான் சில்லில் விழுந்தால் ஒரு பொட்டு வைத்துவிட்டுப் போகும். அடுத்த படத்தில் அதே இடத்தில் இருக்காது. அந்தப் பொட்டுகளைக் களையத்தான் இரண்டு முறை எடுக்கிறார்கள். இது எல்லாக் கையேட்டிலும் இருக்கிறது. எனக்கு அவமானத்தில் காது சுட்டது. ஆனால் கேலக்சியின் மையத்துக்கு அருகே என் கோடுகள் லேசாகத் திரும்பியிருந்தன. அந்தத் திருப்பம் இரண்டு தாளிலும் அச்சு அசலாக இருந்தது. இது பொட்டு இல்லை, கேலக்சியே அப்படி இருக்கிறது.

அடுத்த ஆய்வுக்குழுக் கூட்டத்துக்கு ஒரு வாரம் இருந்தது. துறைத்தலைவரிடம் போய் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் எழுந்து கதவைச் சாத்திவிட்டு வந்து உட்கார்ந்தார்.

"யாருக்கும்மா தெரியும்? பேப்பர்லயும் வந்தாச்சு. பைய அத விட்டுட்டு படிகத்துக்கு வந்திருங்க. நீங்களா தலைப்ப மாத்திக்கிட்ட மாதிரி இருக்கட்டும். ரெண்டே வருசத்துல டாக்டராயிருவிய."

அவர் கெட்ட மனிதர் இல்லை. என்னைக் காப்பாற்றுவதாகவே நினைத்தார், கூடவே அந்தப் போட்டோவையும். எனக்கு வந்த கோபத்தில் அவர் மேசையில் இருந்த பீக்கரைத் தள்ளிவிடலாமா என்றிருந்தது. கூட்டத்தில் சொல்லிவிடுவேன் என்று மட்டும் சொல்லிவிட்டு எழுந்து வந்தேன்.

கூட்டத்தில் மூன்று பேர். துறைத்தலைவர், எங்கள் கல்லூரிக் கணிதப் பேராசிரியர், வெளியூரிலிருந்து வந்திருந்த ஒரு மூத்த பேராசிரியர். மிக்சர் தட்டுகளை ஒதுக்கிவிட்டு இரண்டு தாள்களையும் மேசையில் விரித்தேன். பதினெட்டும் பொய் என்றேன். ஏன் பொய், எப்படி ஏமாந்தேன், இரண்டு படத்திலும் நிற்பது எது என்று வரிசையாகச் சொன்னேன். வெளியூர்க்காரர் இந்தத் தப்பைப் பிடித்தது யார் என்று கேட்டார். நான்தான் என்றேன். அவர் கண்ணாடியைக் கழற்றி, குனிந்து, திரும்பிய கோடுகளை வெகுநேரம் பார்த்தார்.

துறைத்தலைவர் ஃபைலிலிருந்து ஒரு தாளை எடுத்து என் முன் வைத்தார். சொந்த விருப்பத்தின் பேரில் தலைப்பை மாற்றிக்கொள்கிறேன் என்று டைப் அடித்து, கீழே என் கையெழுத்துக்கு இடம் விட்டிருந்தது.

"எனக்கு அப்படி விருப்பம் இல்ல சார்," என்றேன். "தப்புப் பண்ணுனது நான். பிடிச்சதும் நான். இந்தக் கேலக்சியத்தான் பாக்கப் போறேன்."

"அப்ப எங் கையெழுத்து கிடையாது. பதிவு ரத்தாயிரும், பாத்துக்கோங்க."

"ஆகட்டும் சார். படத்த யாரும் பாக்கலாம்னுதான் போட்டிருக்கு. வழிகாட்டி கையெழுத்து வேணும்னு போடல."

இரண்டு தாள்களையும் சுருட்டி எடுத்துக்கொண்டு வெளியே வந்தேன். அன்று சாயங்காலம் ரயிலில் சேரன்மகாதேவி தாண்டும் வரை அழுதேன். இரண்டு வருட உழைப்பு, அழாமல் எப்படி இருக்கும்? அந்த மாதமே பதிவு ரத்தாகிக் கடிதம் வந்தது. பீக்கருக்குக் காவல் இருந்த ஐந்து பேரும் ஒருவர் பின் ஒருவராக டாக்டர் ஆனார்கள். நான் எல்லா விருந்துக்கும் போய் வயிறாரச் சாப்பிட்டேன்.

அடுத்த கோடையில் மறுபடியும் புனேக்குப் போனேன். வரவேற்பில் ஒரு படிவம் கொடுத்தார்கள். எந்தப் பல்கலைக்கழகத்தில் ஆய்வுக்குப் பதிவு என்ற இடத்தில் ஒரு கோடு போட்டேன். வழிகாட்டியின் பெயர் என்ற இடத்திலும் கோடு. வந்த நோக்கம் என்ற இடத்தில், கேலக்சி ஆராய்ச்சி என்று கொட்டை எழுத்தில் எழுதினேன். வாங்கிப் பார்த்தவர், இரண்டு இடம் விட்டுப்போயிருக்கிறது, நிரப்பிக் கொடுங்கள் என்று திருப்பி நீட்டினார். ஒன்றும் விட்டுப்போகவில்லை என்று அதை அவர் மேசையிலேயே வைத்துவிட்டு, கம்ப்யூட்டர் அறையைப் பார்த்து நடந்தேன்.