வியாழக்கிழமையில் பியானோ பத்தாலியா

போன மாதம், பெப்ரவரியின் கடைசி வியாழக்கிழமை, நானும் மனைவி பத்மாவும் பியானோ பத்தாலியா பனிமலைக்குப் போய்வந்தோம். நாங்கள் இருக்கும் பலெர்மோ நகரத்திலிருந்து ஒரே நாளில் போய்த் திரும்ப முடியுமா என்று கோயிலில் மூன்று பேர் கேட்டுவிட்டார்கள். ஆளுக்கு ஆள் சொல்லிக்கொண்டிருப்பதைவிட இங்கே போட்டுவிடுவது சுகம். எனக்கு எழுத வாசிக்கத் தெரியாது. நான் சொல்லச் சொல்ல மகள் தட்டுகிறாள். நேரமும் தூரமும் விலையும் என் தலையிலிருந்து வருபவை. நம்பலாம்.

முதலில் இந்தப் பயணம் ஏன் என்று சொல்லவேண்டும். ஸ்தாசியோனே சென்ட்ராலே என்கிற பெரிய ரயில் நிலையத்துக்குப் பக்கத்து வீடொன்றில் எண்பத்தொன்பது வயது இத்தாலியக் கிழவி ஒருவரைப் பத்மா பராமரிக்கிறாள். சிஞ்ஞோரா என்றுதான் கூப்பிடுவோம். இரவும் அங்கேதான். வீட்டு வேலை செய்யும் எங்கள் சனத்தில் முக்கால்வாசிப் பேரைப் போல அவளுக்கும் வியாழன் மத்தியானத்துக்குப் பிறகுதான் ஓய்வு. ஞாயிற்றுக்கிழமை சிஞ்ஞோராவின் பிள்ளைகள் சாப்பிட வருவார்கள். அன்றுதான் அடுப்படி வேலை கூட. அங்கே வேலைக்குச் சேர்ந்த ஒன்பது வருஷத்தில் அவளுக்கு ஒரு முழுநாள் ஓய்வு கிடைத்ததில்லை.

பெப்ரவரி தொடக்கத்தில் சிஞ்ஞோராவின் மகள் தானாகவே ஒரு பேச்சை எடுத்தார். அவர் ஆஸ்பத்திரியில் இரவு வேலை செய்யும் தாதி.

"ஒரு வியாழன் முழுக்க எடுங்கோ, நான் அம்மாவோட இருக்கிறன். ஆனா பின்னேரம் ஏழு மணிக்கு நீங்கள் வாசல்லை நிக்கவேணும், நான் வேலைக்குப் போகவேணும். சரிவந்தா மாதம் ஒருக்கா இப்பிடித் தரலாம். பிந்தினா பழையபடி அரைநாள்தான்."

எங்கே போவது என்பதில் பத்மாவுக்கு யோசனையே இருக்கவில்லை. சிஞ்ஞோராவின் தொலைக்காட்சியில் அந்த மலையைக் காட்டியிருக்கிறார்கள். கம்பியில் தொங்கும் நாற்காலியில் ஆட்கள் காலை ஆட்டிக்கொண்டு உச்சிக்குப் போனார்களாம். "எனக்கு அதிலை ஒருக்கா இருக்கவேணும்" என்றாள்.

திட்டம் முழுக்க என் பொறுப்பு. பிரான்காச்சோப் பகுதியில் எங்கள் வீட்டுக்கு மேல்மாடியில் இருக்கும் குகன் பாண் வண்டி ஓட்டுகிறவர். சொந்தக் காரும் வைத்திருக்கிறார். அவரைப் பிடித்து உட்காரவைத்து, அவருடைய போனில் மூன்று பின்னேரம் தேடுவித்தேன். தூரம் நூற்றெட்டுக் கிலோமீற்றர். கத்தானியா நெடுஞ்சாலையில் போய் ஸ்கில்லாத்தோவில் இறங்கவேண்டும். அந்த நெடுஞ்சாலைக்குக் காசு கட்டத் தேவையில்லை. பிறகு பொலீத்சி என்ற ஊர் வழியாக வளைந்து வளைந்து ஏற்றம். பெற்றோல் இருபத்தெட்டு யூரோ. நாற்காலி ஆளுக்குப் பத்து, ஒன்பது மணி முதல் நாலு மணி வரை. பனி இருக்கிறதா? இருக்கிறது. சக்கரத்துக்குச் சங்கிலி வேண்டுமா? வேண்டும், இல்லாவிட்டால் பொலிஸ் மறிக்கும். இத்தனையும் கேட்டேன்.

காலை எட்டு ஐந்துக்கு ஸ்தாசியோனேயில் பத்மாவை ஏற்றினோம். சிஞ்ஞோராவின் மகள் கொடுத்த பழைய பனிக் காற்சட்டையைப் போட்டுக்கொண்டு நின்றாள். நீலம், இடுப்பில் இரண்டு பேர் புகலாம். கையில் புட்டும் இறைச்சிக் கறியும் கட்டிய சருவச்சட்டி.

"அக்கா, பனியிலை விழுந்தா உங்களைத் தூக்க ஆள் காணாது" என்றார் குகன்.

"நீர் றோட்டைப் பாத்து ஓட்டும்."

ஸ்கில்லாத்தோ ஒன்பது மணி. பொலீத்சியில் கோப்பிக்கு இருபது நிமிடம் நின்றோம். அங்கே கழிப்பறைக்குப் போய்விடுவது புத்தி, மேலே நிச்சயமில்லை. அதற்குப் பிறகு வளைவுகள். வயிறு பிரட்டுகிறவர்கள் முன் இருக்கையில் இருக்கவும். பத்து ஐம்பதுக்கு மலையில் இறங்கினோம். பத்மா இரண்டு கையாலும் பனியை அள்ளிப் பிழிந்து பார்த்துவிட்டு, நேரே நாற்காலிகளைத் தேடிப் போனாள்.

நாற்காலிகள் கம்பியில் வரிசையாகத் தொங்கின. ஒன்றும் அசையவில்லை. பயணச்சீட்டு அறை பூட்டியிருந்தது. வாகனம் நிறுத்தும் இடத்தில் எங்களுடைய காரைத் தவிர ஒரு பழைய ஜீப் மட்டும்.

ஜீப்புக்காரர் பனியில் சறுக்கும் பிளாஸ்டிக் வண்டிகளை வாடகைக்கு விடுகிறவர். காதை மூடிய தொப்பி, என் வயதுதான் இருக்கும். குகன் விசாரித்தார். மனிதர் சிரித்த சிரிப்பில் தொப்பி கழன்றது.

"வியாழக்கிழமையா? வியாழனிலை இஞ்சை மாடுகூட வராது! அது சனி, ஞாயிறுதான் ஓடும். நான் வண்டியளுக்கு மெழுகு பூச வந்தனான்."

எல்லாம் கேட்ட நான் எந்தக் கிழமை என்று கேட்கவில்லை. முப்பது வருஷமாக எங்களுக்கு உலாத்தும் நாள் வியாழன். கலியாண வீடும் வியாழன், பிறந்தநாளும் வியாழன். மலைக்கும் அன்றுதான் என்று மனம் தானாகவே எடுத்துக்கொண்டது. ஊர் உலகத்துக்குச் சனி ஞாயிறு என்று ஒன்று இருப்பதை மறந்தேபோனேன்.

"பெரிய ஞாபகசக்தி" என்றாள் பத்மா. "பத்து வருஷத்துக்கு முந்தி நான் கறிக்கு உப்புப் போடாதது ஞாபகம். இது தெரியாது."

"பன்னிரண்டு வருஷம்" என்று திருத்தினேன். திருத்தியிருக்கக் கூடாது.

ஜீப்புக்காரர்தான் காப்பாற்றினார். இரண்டு சறுக்குவண்டிகளை, ஆளுக்கு ஐந்து யூரோவுக்கு, நாள் முழுக்க வைத்திருங்கள் என்று தந்தார். முதல்முறை பத்மா அலறியபடி இறங்கினாள். இரண்டாம் முறை அலறவில்லை. மூன்றாம் முறை, "இஞ்சாருங்கோ, தள்ளி விடுங்கோ, இன்னும் பலமா!" நான் நாலு முறை போனேன், இடுப்பு போதும் என்றது. பத்மா பதினேழு முறை. எண்ணியது நான்.

புட்டு குளிரில் கல்லாகிப்போனது. ஜீப்புக்காரர் தன் குடிலின் அடுப்பில் கறியைச் சூடாக்க விட்டார். கண்ணில் தண்ணீர் வர வர அவரும் சாப்பிட்டார், இரண்டாம் முறையும் கேட்டு வாங்கினார்.

மூன்றரைக்குப் புறப்பட வேண்டும் என்பது என் கணக்கு. "கடைசியா ஒண்டு" என்று பத்மா நாலு முறை ஏறினாள். நாலு பத்துக்குத்தான் கார் எடுத்தோம். பொலீத்சிக்கு மேலே ஒரு செம்மறிக் கூட்டம் வீதியை நிறைத்து நின்றது. இருபத்தைந்து நிமிடம் போயிற்று. பத்மா மணிக்கூட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். நெடுஞ்சாலையில் திருத்த வேலை, ஒரு பக்கம் மட்டும் திறப்பு.

"குகன், பறவும்."

"பறந்தா பொலிஸ் பிடிக்கும் அக்கா. பிறகு ஏழு இல்லை, எட்டுத்தான்."

ஆறு ஐம்பத்தொன்றுக்கு வாசல் மணியை அடித்தோம். சிஞ்ஞோராவின் மகள் கோட்டுப் போட்டபடி கதவைத் திறந்து, மணிக்கூட்டையும் ஈரம் சொட்டிய காற்சட்டையையும் பார்த்தார்.

"நல்லது. அப்ப மாதம் ஒருக்கா. அடுத்ததும் வியாழன்தானே?"

"ஓம்" என்று நான் வாய் எடுத்தேன்.

"வியாழன் வேண்டாம்" என்றாள் பத்மா. "ஞாயிறு தாங்கோ. நாற்காலி ஞாயிறுதான் ஓடுதாம்."

கிடைத்ததும் போகப்போகிறது என்று நான் அவள் கையைப் பிடித்து இழுத்தேன்.

"ஞாயிறெண்டா சமையல்?"

"சனி இரவே செய்து வைக்கிறன். நீங்கள் சூடாக்கினாச் சரி."

அவர் பைக்குள் கார்த் திறப்பைத் தேடினார். நீண்ட நேரம் தேடினார். "மாதத்திலை மூண்டாம் ஞாயிறு" என்று சொல்லிவிட்டுப் படியிறங்கினார்.

ஆகவே போக நினைக்கிறவர்களுக்கு: வியாழன் போனால் நாற்காலியை மறந்துவிட்டுச் சறுக்குவண்டியை நம்புங்கள். அதுவும் ஆள் நிற்கிறாரா என்று முதலே விசாரியுங்கள். காலுக்கு இரண்டு சோடி மேஸ், அதாவது காலுறை, நடுவில் ஈரம் புகாமல் பாண் வரும் பிளாஸ்டிக் பை. புட்டு வேண்டாம், றொட்டி கொண்டுபோங்கள். திரும்பி வர மூன்று மணிநேரம் வையுங்கள், செம்மறிக்கும் சேர்த்து. முடிந்தால் ஞாயிறே போங்கள். வேலை வீட்டில் தரமாட்டார்கள் என்று நீங்களே முடிவுகட்டாதீர்கள். நாங்கள் ஒன்பது வருஷம் அப்படித்தான் இருந்தோம். பத்மா கேட்டு முடிக்க ஒரு நிமிடமும் பிடிக்கவில்லை.