சூடம் காட்டிய சக்கரம்

பிள்ளைகளே, உலகச் சண்டை முடிந்தும் பெட்ரோலுக்குக் கூப்பன் வாங்கிக்கொண்டிருந்த காலம் அது. தூத்துக்குடியில் ஒரு விஜயதசமிக் காலையில் இது நடந்தது.

என் தங்கையின் கணவரை நான் மாப்பிள்ளை என்று கூப்பிடுவேன். அவர் ஒரு பழைய ரேஸ் கார் வைத்திருந்தார். கப்பல் கம்பெனியில் இருந்த வெள்ளைக்காரர் ஒருவர் ஊருக்குப் போகும்போது கொடுத்துவிட்டுப் போன வண்டி. இரண்டே பேர் உட்காரலாம். கூரை கிடையாது. தோணியின் பழைய பாய்த் துணியை மாப்பிள்ளையே தைத்து மேலே போட்டிருந்தார். சாமான் எதுவும் கிடைக்காத நேரம் அல்லவா? கடைச் சோலி முடிந்ததும் வீட்டு முற்றத்தில் அவரே கழற்றுவார், அவரே மாட்டுவார். வண்டிக்குப் பெரிய எதிரி எங்கள் ஊர்க் கடற்காற்றுதான். கொஞ்ச நாள் துடைக்காமல் விட்டால் போதும், சக்கரக் கம்பியெல்லாம் துரு ஏறிவிடும்.

அந்தச் சக்கரத்தைப் பற்றி நீங்கள் கொஞ்சம் தெரிந்துகொள்ள வேண்டும். மற்றக் கார்களில் ஒரு சக்கரத்துக்கு நாலைந்து நட்டு இருக்கும். இதில் நடுவில் ஒரே ஒரு பெரிய நட்டு. அதற்கு இரண்டு பக்கமும் காது மாதிரி நீட்டிக்கொண்டிருக்கும். கையால் திருகிவிட்டு, அந்தக் காதில் செம்புச் சுத்தியலால் ஓங்கி அடித்தால்தான் இறுகும். அடி விழாத நட்டு சும்மா உட்கார்ந்திருக்கும், அவ்வளவுதான்.

முதல் நாள் ஆயுத பூஜை. மாப்பிள்ளை நாலு சக்கரத்தையும் கழற்றி, துருவைச் சுரண்டி, எண்ணெய் பூசி, ஒவ்வொன்றாக மாட்டிக்கொண்டு வந்தார். மூன்று முடிந்தது. நாலாவதைக் கையால் திருகிவிட்டுச் சுத்தியலை ஓங்கும்போது என் தங்கை வந்து நின்றாள். உள்ளே வாழையிலை விரித்து, கடைத் தராசு, படி, அரிவாள்மணை, ஸ்பானர் எல்லாவற்றையும் சாமிக்கு முன்னால் வைத்தாயிற்று. சுத்தியல் ஒன்றுதான் குறை.

"இன்னுமா தட்டுதிய? சூடம் ஏத்தப்போறேன். அத இங்கன தாங்க."

"ஒரே ஒரு அடிதான். பொறு."

"காலையில இருந்து இதத்தான் சொல்லுதிய. ஒங்க காருக்காக சாமி வாசல்ல நிக்கணுமாக்கும்!"

மாப்பிள்ளை சிரித்துக்கொண்டே கொடுத்துவிட்டார். பூஜையில் வைத்த கருவியை, மறுநாள் காலையில் மறுபடி கும்பிட்டு எடுக்கும்வரை யாரும் தொடக்கூடாது. அது எங்கள் வழக்கம். சூடம் காட்டிய கையோடு தங்கை வண்டிக்கும் வந்தாள். நாலு நட்டிலும் சந்தனம் அப்பி, குங்குமம் வைத்து, கம்பிகளுக்கு நடுவே செவ்வந்திப் பூச் செருகினாள். அதற்கப்புறம் பார்த்தால் நாலு சக்கரமும் ஒன்றுபோலத்தான் இருந்தன. எது அடித்தது, எது அடிக்காதது என்று யாருக்குத் தெரியும்?

மறுநாள் காலையில் சக்கரத்தடியில் எலுமிச்சம்பழம் வைத்து நசுக்கி வண்டியை எடுத்தார். பக்கத்தில் நான். என் மடியில் என் சின்ன மகள். தருவைகுளம் போகிற ரோட்டில், இரண்டு பக்கமும் உப்பளம். மழைக்கு முன்னால் கடைசி உப்பை வாரிக்கொண்டிருந்தார்கள்.

"அப்பா, அங்கன பாருங்க! ஒரு சக்கரம் மட்டும் தனியா ஓடுது!"

எட்டிப் பார்த்தேன். ஒரு சக்கரம் எங்களை முந்திக்கொண்டு ரோட்டோரமாக ரொம்ப ஒழுங்காக உருண்டு போய்க்கொண்டிருந்தது. எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

"எந்தப் பயலோ மாட்டத் தெரியாம மாட்டியிருக்கான், மச்சான்" என்று மாப்பிள்ளையும் சிரித்தார்.

சக்கரத்துக் கம்பிக்குள் மஞ்சளாக ஏதோ சுற்றியது. செவ்வந்திப் பூ.

மாப்பிள்ளை பிரேக்கை மிதித்தார். என் பக்கம் அப்படியே இறங்கித் தரையில் இடித்தது. கிரீச்சென்று இழுத்துக்கொண்டு போய் வண்டி நின்றது. மகளைக் கட்டிப் பிடித்திருந்தேன். அவளுக்கு ஒன்றுமில்லை. ஆனால் சக்கரம் நிற்கவில்லை. ரோட்டை விட்டு இறங்கி, சரிவில் இன்னும் வேகம் பிடித்து, ஒரு உடைமுள் மரத்தைப் பார்த்து ஓடியது. அந்த மரத்துக் கிளையில் ஒரு பழைய சேலை தொட்டிலாகத் தொங்கிக்கொண்டிருந்தது.

நான் கத்துவதற்குள் சக்கரம் தொட்டிலில் மோதி, சேலையைக் கிழித்துச் சுருட்டிக்கொண்டு விழுந்தது.

நானும் மாப்பிள்ளையும் ஓடினோம். அந்தத் துணியை விலக்கிப் பார்க்க எங்கள் இரண்டு பேருக்கும் கை வரவில்லை. அப்போது உப்புக் குவியலுக்குப் பின்னாலிருந்து ஒரு பெண்ணின் குரல் கேட்டது.

"என்ன அண்ணாச்சி, எதத் தேடுதிய?"

முந்தானைக்குள் குழந்தையை வைத்துப் பால் கொடுத்துக்கொண்டே அவள் எழுந்து வந்தாள். மாப்பிள்ளை தரையிலேயே உட்கார்ந்துவிட்டார். எங்கள் முகத்தைப் பார்த்த பிறகுதான் அவள் மரத்தைப் பார்த்தாள். பிள்ளையை இன்னும் இறுக்கிக்கொண்டு அவளும் உட்கார்ந்துவிட்டாள். குழந்தை மட்டும் எதுவும் அறியாமல் பால் குடித்துக்கொண்டிருந்தது.

உப்பு வாரிய பெண்கள் கூடிவிட்டார்கள். அவர்களில் ஒருத்தி சக்கரத்தைத் திருப்பிப் பார்த்துவிட்டு, "பூ வைக்கத் தெரிஞ்சிருக்கு, சந்தனம் பூசத் தெரிஞ்சிருக்கு. முடுக்கத் தெரியலியோ?" என்றாள். அந்த நட்டு ரோட்டில் கிடந்தது. மகள்தான் எடுத்து வந்து கொடுத்தாள். குங்குமம்கூடக் கலையவில்லை.

மறுநாள் என் தங்கை தன்னுடைய சேலை ஒன்றை எடுத்துக்கொண்டு அந்த மரத்துக்கே போனாள். தானே தொட்டில் கட்டி, கட்டிய முடிச்சைப் பலமுறை இழுத்துப் பார்த்துவிட்டுத்தான் திரும்பினாள். இப்போதும் ஆயுத பூஜையில் சூடத்தைக் கையில் வைத்துக்கொண்டு, "எல்லாம் முடுக்கியாச்சா?" என்று கேட்டுவிட்டுத்தான் ஏற்றுகிறாள். சாமி காத்திருக்கட்டும் என்கிறாள்.

அன்றைக்கு அந்தப் பிள்ளையைக் காப்பாற்றியது எங்கள் சந்தனமும் இல்லை, எலுமிச்சம்பழமும் இல்லை, அதற்கு அந்த நேரம் பார்த்துப் பசித்ததுதான் என்று நினைக்கும்போதெல்லாம், மாட்டி வைத்த எதையும் என் கை இன்னொரு முறை தானாகவே முடுக்கிப் பார்க்கிறது.