இடியப்ப உரலுக்கு வந்த முதல் ஆள்

தெல்தோட்டையிலிருந்து கண்டிக்குப் போகும் பஸ்ஸில் அந்தப் பெண் என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். ஒல்லியான உடம்பு, பெரிய மூக்குக்கண்ணாடி. போனைப் பார்த்துச் சந்தோஷம் வந்தால் பக்கத்தில் இருப்பவரின் முழங்காலைப் பிடித்து அழுத்துவார்.

நான் யாரிடமும் வலியப் பேசமாட்டேன். அவரே சொன்னார். இடியப்ப உரல்களில் பிழிந்து பார்த்து, எது நல்லது என்று இன்டர்நெட்டில் எழுதுகிறாராம். வாசிப்பவர்கள் அங்கிருந்தே இன்டர்நெட் கடைக்குள் போய் வாங்கினால் இவருக்குக் கமிஷன் வருமாம். இதுவரை ஒருவரும் வாங்கவில்லை.

"இன்னைக்கும் விக்கலேன்னா துணிக்கடை வேலைக்குப் போகச் சொல்லி வீட்டுல சொல்லிட்டாங்கம்மா. ஆனா பாருங்க, ஒருத்தர் ரொம்ப நேரமா வாசிக்கிறதா போன்ல காட்டுது. போகவே மாட்டேங்கிறாரு."

முகம் தெரியாத அந்த ஆள் வாங்கட்டும் என்று நானும் முருகனை வேண்டினேன். பிறகு அந்தப் பெண் தற்செயலாகத் தன் போனில் திறந்திருந்த, தான் எழுதிய பக்கத்தை மூடினார். வாசிப்பவர் எண்ணிக்கை சைபராகிவிட்டது. பஸ்ஸே திரும்பிப் பார்க்கும்படி சிரித்தார்.

"அந்த ஆளு நான்தாம்மா."

எனக்கும் சிரிப்பு அடங்கவில்லை. "அப்ப துணிக்கடைதானா?" என்றேன்.

"என்னையே இவ்வளவு நேரம் வாசிக்க வச்சிருக்கேனே, மத்தவங்க வாசிக்க மாட்டாங்களா?"

அந்தப் பேச்சுக்கே ஒன்று வாங்கலாம் என்று தோன்றியது. அங்கேயே மகளுக்குப் போன் போட்டு, அவர் எழுதிய பக்கத்துக்குள் போய் ஓர் உரல் வாங்கச் சொன்னேன். கண்டி வருவதற்குள் அவர் என் தோளை உலுக்கினார்.

"யாரோ வாங்கிட்டாங்கம்மா."

நான் மகளுக்குப் போன் போட்டதை மறந்துவிட்டாரா, கேலி செய்தாரா என்று இன்றும் தெரியவில்லை. நானும் ஆச்சரியப்பட்டு, "யாரு?" என்று கேட்டேன்.