73939133: செல்வராணி மதினிக்கு

விடியற்காலையில் விளக்கேற்றிக்கொண்டிருந்தேன். மதுரை ஆஸ்பத்திரியிலிருந்து அண்ணன் பேசினார். "ஏ பேச்சி, ஒன் மதினி போயிட்டாத்தா." தீக்குச்சியை ஊதி அணைத்தேன்.

போடி கடைவீதியில் துணிக்கடை நடத்தியவர் என்றுதான் செல்வராணி மதினியைப் பலர் அறிவார்கள். அவர் கணக்கில் எம்.எஸ்ஸி. முடித்தவர். நான் எட்டாவதோடு நின்றவள். வீட்டுக் கணக்கு எழுதி எழுதியே வகுத்தல் படிந்தது.

ஒருநாள் காலண்டர் தாளின் பின்புறம் 73939133 என்று எழுதி, "இதை மீதியில்லாம வகு பாப்போம்" என்றார். ஒன்றையும் அந்த எண்ணையும் விட்டால் எதனாலும் வகுபடாதாம். கடைசியில் இருந்த 3-ஐ அடித்தார். மிச்சமிருந்த 7393913-உம் அப்படியே. வலப்பக்கமிருந்து அடித்துக்கொண்டே போனார்: 739391, 73939, 7393, 739, 73, 7. எல்லாமே பகா எண்கள். சாயங்காலம் வரை முதல் எண்ணை மூன்றாலும் ஏழாலும் பதிமூன்றாலும் வகுத்துப் பார்த்தேன். மீதி விழுந்துகொண்டே இருந்தது.

"யாருக்கும் பங்கே குடுக்காதா மதினி?"

"ஒங்க அண்ணன் மாதிரி கஞ்சப்பய நம்பருடி!"

பிறகு சொன்னதுதான் என்னைப் பயமுறுத்தியது. "இதுக்கு வலப்பக்கம் எந்த இலக்கத்தைச் சேத்தாலும் ஒடைஞ்சிரும். இந்த வகையில இதுதேன் பெருசு. இதுக்கு மேல கெடையாது."

"ஏன் கெடையாது?"

"ஏன்னெல்லாம் இல்லடி. ஒவ்வொண்ணாப் போட்டுப் பாத்துட்டாக. அம்புட்டுத்தேன்."

எதற்கும் சாமியிடம் ஒரு காரணம் இருக்கும் என்று நம்பி வாழ்பவள் நான். ஒன்று சும்மா முடிந்துபோகும் என்பதை மனசு ஏற்கவில்லை.

சர்க்கரை நோயில் அவருக்கு முதலில் வலது பாதம் போனது. பிறகு அந்தக் கால் தொடை வரை. "வலப்பக்கத்து இலக்கத்தை அடிச்சிருக்காக. மிச்சம் முழுசா நாந்தேன்" என்று சிரித்தார். இந்த முறை இடது காலையும் எடுக்க வேண்டும் என்றார்கள். எடுக்காவிட்டால் விஷம் ஏறும். எடுத்தால் இதயம் தாங்குமோ தெரியாது.

வீரபாண்டி அம்மன் முன்னால் இரண்டு பூப்பொட்டலம் போட்டு, ஒன்றை எடுத்துப் பூக்கேட்டேன். வெள்ளைப் பூ வந்தால் ஆபரேஷனுக்கு ஆத்தாள் சம்மதம். சிவப்பு வந்தது. ஓடிப்போய்ச் சொன்னேன்.

"ரெண்டு பொட்டலத்துல ஒண்ணு வரத்தான செய்யும்? ஆத்தாளை ஏன்டி வம்புக்கு இழுக்குற?" என்று கையெழுத்துப் போட்டார்.

ஆனால் ஆபரேஷன் தியேட்டர் வாசலில் என் கையை விடவில்லை. "பயமா இருக்குடி பேச்சி. அந்த நம்பரைக் கொறைச்சுக் கொறைச்சுச் சொல்லு."

அவர் பயந்து நான் பார்த்ததே இல்லை. சொன்னேன். எழுபத்து மூன்றுக்குப் பிறகு வாய் வரவில்லை.

"அதையும் சொல்லிரு."

"ஏழு" என்றேன். கதவு மூடியது. அண்ணனைத் துணைக்கு விட்டுவிட்டு மறுநாள் ஊர் திரும்பினேன். அவர் கண் விழிக்கவேயில்லை.

பாடை கட்ட வந்தவர் மூங்கிலை அளந்துகொண்டே, "கொஞ்சம் குட்டையாக் கட்டிறலாங்களா?" என்று கேட்டார். அண்ணன் தலை குனிந்தார்.

நாலு பேர் நடுவில் வாய் திறக்காதவள் நான். "வேண்டாம்ணே. அவுக உசரத்துக்கே கட்டுங்க" என்றேன்.

அப்படியே கட்டினார்கள். தொடைக்குக் கீழே துணி தட்டையாகக் கிடந்தது. பார்க்கப் பயமாக இருந்தது. தெரு முனை திரும்பும் வரை பார்த்தேன்.

போயிட்டு வாங்க மதினி.