கரும்பு லோடுப் பூட்டு போட்ட பாய்ப்படகு

கள்ளக்குறிச்சியில் கடல் கிடையாது. அதனால் என் லேத் பட்டறை வாசலில் லாரியிலிருந்து ஒரு பந்தயப் பாய்ப்படகு இறங்கியபோது, எதிர் டீக்கடைக்காரர் கிளாஸ் கழுவுவதை நிறுத்திவிட்டு, "இந்த வருசம் மழ ஜாஸ்தின்னு எவனோ சொன்னான், நான்தான் நம்பல" என்றார். அவர் வாயில் வருகிறதையெல்லாம் கேட்டுக்கொண்டே இருக்கலாம். டீதான் சுமார்.

படகோடு வந்தவர் என் தங்கை வீட்டுக்காரர். பாண்டியில் ஒரு படகு கிளப்பில் வேலை. வசதியானவர்கள் பந்தயம் விடுவார்கள். இவர் அவர்கள் படகைத் தண்ணீரில் தள்ளிவிடுவார், வந்ததும் இழுத்துக் கரையேற்றுவார். நன்றாகவே ஓட்டத் தெரியும், ஆனால் பந்தயத்தில் அவரை யாரும் ஏற்றியதில்லை. "பந்தயத்துல நான் இடுப்பு வரைக்கும்தான் மச்சான் போயிருக்கேன்" என்று சிரிப்பார்.

ஷெட்டில் கிடந்த பழைய படகு ஒன்றைச் சரி பண்ணினால் வருஷக் கடைசிப் பந்தயத்தில் அதை ஓட்டலாம் என்று கிளப்பில் சொல்லிவிட்டார்கள். படகின் உடம்பு நன்றாகத்தான் இருந்தது. மேல்தட்டில் இருந்த சாமான்கள்தான் போய்விட்டன. கப்பிகள் உப்பேறிச் சுற்றவில்லை. பாய்க்கயிற்றைக் கடித்துப் பிடிக்கும் பற்கள் மொழுக்கென்று தேய்ந்திருந்தன. அந்த ஒரு பந்தயம் ஓடிவிடவேண்டும், வேறெதுவும் வேண்டாம் அவருக்கு. காலியாகத் திரும்பிய லாரி ஒன்றில் படகை ஏற்றிக்கொண்டு என்னிடம் வந்துவிட்டார்.

அது ரெண்டு ஆள் படகு. கூட உட்கார கிளப்பில் ஒருத்தரும் ஒப்பவில்லையாம். "நான் ஒக்கார்றேன்" என்றாள் கூடவே வந்திருந்த தங்கை.

"ஏரியில நீந்துனவ நீ. கடல் தாங்குவியா?"

"இவரு கூடக் குடும்பம் நடத்திக்கினு கீறேன். கடல் இன்னாண்ணா பெரிசு?"

கப்பிகளை ஸ்டெயின்லெஸ் ஸ்டீலில் புதிதாகக் கடைந்தேன். விரலால் தட்டினால் நின்றபாடில்லை, அப்படிச் சுற்றின. அடுத்து அந்தப் பற்கள். எதிரெதிராக ரெண்டு இருக்கும். நடுவில் கயிற்றை அழுத்தினால் ஸ்பிரிங் கவ்விக்கொள்ளும், மேலே சுண்டினால் விட்டுவிடும். பழையது அப்படித்தான் இருந்தது. எனக்குத்தான் மனசு கேட்கவில்லை. என் பிழைப்பே கரும்பு டிரெய்லர் வேலை. லோடு கட்டிய கயிறு ஒருமுறை எகிறினால் தியாகதுருகம் ரோடு முழுக்கக் கரும்புதான். அதனால் பல்லை ஆழமாக வெட்டி, முரட்டு ஸ்பிரிங் போட்டு, கயிறு மேலே எழும்பாதபடி குறுக்கே ஒரு கம்பியையும் வைத்துப் பற்றவைத்தேன்.

மாப்பிள்ளை இழுத்துப் பார்த்தார். அசையவில்லை. "கழட்ட வருமா மச்சான்?" என்று தயங்கிக் கேட்டார்.

"எதுக்குங்க கழலணும்?" என்றாள் தங்கை. "எவ்ளோ கெட்டியா கீது பாருங்க."

அவரும் தலையாட்டிவிட்டார். அவருக்குத் தெரியாததா? ஆனால் நாங்கள் மூன்று பேருமே கரும்பு லோடு ஏற்றி வளர்ந்தவர்கள். கெட்டியான கட்டைப் பார்த்தால் எங்களுக்குக் குறை சொல்ல வராது.

கல்வராயன் மலையடிவாரத்தில் ஓர் ஏரி நிரம்பியிருந்தது. அங்கே இறக்கிப் பார்த்தோம். படகு அழகாகப் போனது. மலை இடுக்கிலிருந்து குபீரென்று ஒரு காற்று வந்தது. பாய் உப்பிப் படகு ஒருபக்கமாகச் சாய்ந்தது.

"கயித்த வுடு" என்று மாப்பிள்ளை கத்தினார்.

"வுட மாட்டேங்குதுங்க. அண்ணன் போட்ட பூட்டு."

அடுத்த நிமிஷம் பாய் தண்ணீரில் படுத்துவிட்டது. ரெண்டு பேரும் தலையில் பாசியோடு எழுந்தார்கள். கரையில் எருமை கழுவிக்கொண்டிருந்த பெரியவர், "நாங்க மாட்ட மட்டும்தான் கழுவுவோம். நீங்க குடும்பத்தோட கழுவுறீங்க" என்றார்.

பட்டறைக்கு வந்து ஈரத்தலையோடு மாப்பிள்ளை பொறுமையாகச் சொன்னார்: "லோடு ஊரு போய்ச் சேர்ற வரைக்கும் கயிறு வுடக்கூடாது மச்சான். காத்து வந்தா ஒடனே வுடணும். பந்தயத்துல கவுந்தா என் கத அதோட சரி."

கம்பியை அறுத்து எறிந்தேன். பல்லை அரம் போட்டுத் தணித்தேன். மருந்தடிக்கிற மிஷினிலிருந்து மெல்லிய ஸ்பிரிங் ஒன்று கிடைத்தது. தங்கை நூறு தடவை சுண்டிப் பார்த்திருப்பாள். டீக்கடைக்காரர் வந்து தானும் சுண்டிப் பார்த்து, "எங்க வூட்டு அம்மா கோவத்துக்கு இப்படி ஒண்ணு போட்டுத் தாயேன்" என்றார்.

பந்தயத்தன்று பாண்டிக் கடற்கரையில் நானும் நின்றேன். கரையிலிருந்து பார்வை எட்டும் தூரத்திலேயே காற்று திடீரென்று ஏறியது. முன்னே போன ரெண்டு படகுகள் கவிழ்ந்தன. எங்கள் படகும் சாய்ந்தது. அங்கே தங்கை கை சுண்டுவது தெரிந்தது. பாய் படபடவென்று அடித்துக்கொள்ள, படகு நிமிர்ந்து ஓடியது.

ஜெயிக்கவெல்லாம் இல்லை, நடுவில் எங்கேயோ வந்தார்கள். கரையை நெருங்கியதும் மாப்பிள்ளை பழக்கத்தில் படகைப் பிடிக்கத் தண்ணீரில் குதிக்கப் போனார். அதற்குள் கிளப்பில் பந்தயம் விடும் டாக்டர் ஒருவர் பேண்ட்டோடு இடுப்பளவு இறங்கி முனையைப் பிடித்துவிட்டார்.

"ஒக்காருய்யா, நான் இழுக்கிறேன்" என்றார்.

மாப்பிள்ளைக்கு உட்காரவும் வரவில்லை, நிற்கவும் வரவில்லை. தங்கை அவர் சட்டையைப் பிடித்து உட்காரவைத்தாள்.

"செத்த சும்மா இருங்க. அவரும் கத்துக்கட்டும்."