நீலக் கோட்டும் வெள்ளை பூட்ஸும்

ஈரம் காயாத காகித அட்டையின் மணம்தான் முதலில் நினைவுக்கு வருகிறது. டென்மார்க்கின் கிரின்ஸ்டெட்டில், அப்பா என்னைக் கூட்டிப்போன பழைய சாமான் கடையில், சுவீடன் நடன இசைக்குழுக்களின் இசைத்தட்டுகள் பெட்டி பெட்டியாகக் கிடக்கும். எங்கள் வீட்டில் தட்டைச் சுழற்றும் பெட்டி இருந்ததில்லை. அப்பா வாங்கியது உறைகளுக்காக. பல உறைகளில் ஆண்டு இராது. சட்டைக் கழுத்து எவ்வளவு அகலமோ அவ்வளவுக்கு அது எழுபதுகளின் நடுப்பகுதியை நெருங்கியது என்று நானே கணக்கு வைத்திருந்தேன். இன்றுவரை அது பெரிதாகப் பொய்த்ததில்லை.

அவற்றுள் ஒன்றில் நான்கு ஆண்கள் ஏரிக்கரையில் நின்று சிரித்தார்கள்: ஆகாயநீலக் கோட்டு, அதற்கு வெளியே பட்டம்போல விரிந்த சட்டைக் கழுத்து, அகன்ற "பெல்பொட்டம்" காற்சட்டை, வெள்ளைச் சப்பாத்து. அப்பாவும் இறைச்சித் தொழிற்சாலையில் அவரோடு வேலைசெய்த மூன்று நண்பர்களும் பாட்டுக்குழு தொடங்கியிருந்த நேரம் அது. அம்மா அந்த உறையைத் தையல் மெஷினுக்குப் பக்கத்தில் சாய்த்துவைத்து, திரைச்சீலைத் துணியில் நால்வருக்கும் அதேபோல உடுப்புத் தைத்து முடித்தார். வெள்ளைச் சப்பாத்துக்குத்தான் வழியில்லை. தொழிற்சாலையில் போடும் வெள்ளை றப்பர் பூட்ஸையே தேய்த்துக் கழுவிப் போட்டுக்கொண்டார்கள்.

பொங்கல் விழா மண்டப வாசலில் எங்கள் ஊர்த் தமிழ்ச் சங்கச் செயலாளர் மறித்தார்.

"என்ன, ஐஸ்கிறீம் விக்க வந்தனீங்களோ? வேட்டி கட்டாட்டி மேடை இல்லை."

"ஓம் அண்ணை, ஐஸ்கிறீம்தான். வரிசையில வாங்கோ," என்றார் அப்பா.

பின்னால் நின்றவர்கள் சிரித்தார்கள். செயலாளர் சிரிக்கவில்லை, அப்பாவும் நகரவில்லை.

"கிழமையில அஞ்சு நாள் தொழிற்சாலையில தந்த உடுப்பைப் போடுறம். இது நாங்கள் விரும்பி எடுத்தது, என்ர மனிசி தைச்சது. கழட்டமாட்டன்."

சனம் கைதட்டத் தொடங்கவே செயலாளர் விலகினார். நால்வரும் பூட்ஸ் சத்தம் எழ மேடையேறிப் பாடினார்கள்.

சங்கத்தின் ஆண்டு மலரை இப்போது தொகுப்பவள் நான். அன்று மேடையில் நால்வரையும் எடுத்த படத்தை நீட்டியபோது மலர்க்குழுவில் ஒருவர், "நல்ல படம், பிள்ளை. ஆனா முழங்காலுக்குக் கீழ வெட்டிப்போட்டுப் போடுவம். ஆக்கள் சிரிப்பினம்," என்றார்.

அந்தப் பழைய சாமான் கடை மூடப்பட்டுவிட்டது. கோட்டுகளில் ஒன்றுகூட மிஞ்சவில்லை; நால்வரில் இருவர் இல்லை, அப்பா உட்பட. சிரிக்கிறவர்கள் சிரிக்கட்டும். படம் மலரின் அட்டையிலேயே வரும், முழுதாக, பூட்ஸோடு. கீழே நால்வரின் பெயர்களும், தைத்தவர் என்று அம்மாவின் பெயரும் இருக்கும். ஆண்டையும் போட்டிருக்கிறேன், பின்னால் வருகிறவர்கள் சட்டைக் கழுத்தை அளந்து திண்டாட வேண்டியதில்லை.