கிழியாத மஞ்சள் சட்டை

2023 மார்ச் 19, ஞாயிற்றுக்கிழமை. ஐந்து நாற்பதுக்கு எழும்பினேன். தபசு காலம் என்பதால் சீனி போடாத தேநீர். ஆறு மணிக்குப் பலகணியில் கறிவேப்பிலைச் செடிக்கு ஒரு கோப்பைத் தண்ணீர், கற்றாழைக்குத் தண்ணீர் இல்லை. ஏழிலிருந்து எட்டே கால் வரை சமையல். பத்து மணிக்குத் தமிழ்ப் பூசை. பன்னிரண்டே காலுக்கு வீடு திரும்பும் வழியில், சூசையப்பர் திருநாளுக்கென்று இங்கே செய்கிற, ரிக்கொத்தா என்ற பாலாடைக்கட்டி வைத்த பலகாரம் நான்கு வாங்கினோம்.

"தேத்தண்ணிக்குச் சீனி இல்லை, இதுக்கு மட்டும் இருக்கோ?" என்று என் கணவர் கேட்டார்.

"இது திருநாள்," என்றேன்.

இவ்வளவும் அன்றைய குறிப்பேட்டுப் பக்கத்தில் ஒரே கையெழுத்தில் ஒழுங்காக இருக்கிறது. அதற்குக் கீழே உள்ளதில்தான் மூன்று இடத்தில் வெட்டியிருக்கிறேன். பத்தொன்பது வருடக் குறிப்பேடுகளில் வெட்டும் குத்துமாக உள்ள பக்கம் அது ஒன்றுதான்.

நாங்கள் இருப்பது இத்தாலியின் ஒரு தீவு நகரத்தில், அல்பெர்கேரியா என்ற பகுதியில், சந்தைக்குப் பின்னால் ஒரு பழைய கட்டிடத்தின் மூன்றாம் மாடி. காலையில் நகரத்தின் பொலித்தெயாமா பக்கம் ஒரு இத்தாலிய அம்மா வீட்டில் வேலை செய்கிறேன். பின்னேரங்களில் வீட்டில் தையல். எங்களுக்கு மேலே, பதினேழு படி ஏறினால், மொட்டைமாடியை ஒட்டி ஒற்றை அறை. முந்தைய ஆண்டு ஜூன் மாதம் அதற்கு ஒரு பெடியன் குடிவந்தான். இருபத்து நான்கு வயது. கடல் கடந்த மார்தினிக் தீவுக்காரன். கதவு நிலைக்குக் குனிந்துதான் உள்ளே வரவேண்டும், அவ்வளவு உயரம். விடிய விடியச் சந்தையில் மரக்கறிப் பெட்டி இறக்குவான். பின்னேரம் துறைமுகத்துக்குப் பக்கத்தில் ஒரு மல்யுத்தப் பள்ளிக்குப் போவான்.

நானும் அவனும் கதைத்தது இத்தாலியனில். அவன் வினைச்சொற்களை விழுங்குவான், நான் பாதியை மாற்றிச் சொல்வேன். இங்கே எல்லாவற்றையும் எங்கள் தமிழில் எழுதுகிறேன். அவன் என்னைச் சிஞ்ஞோரா என்பான், இத்தாலியனில் அம்மா என்று மரியாதையாகக் கூப்பிடுவது. நான் தம்பி என்பேன். அது தனக்கு நான் வைத்த பெயர் என்று இரண்டு மாதம் நினைத்திருந்தானாம்.

முதல் மூன்று மாதம் அவன் யாருடனும் மோதவில்லை. மேடைப் பலகைகளைச் சுமந்தான், கயிறு கட்டினான், விழுந்து பழகினான். விழுவதற்கும் ஒரு படிப்பு இருக்கிறது என்று அப்போதுதான் எனக்குத் தெரிந்தது. நாடியை நெஞ்சில் ஒட்டி, இரண்டு கையாலும் தரையில் அறைந்து, முதுகு முழுவதும் ஒரே நேரத்தில் படும்படி விழ வேண்டும். மொட்டைமாடியில் ஒரு பழைய மெத்தையைப் போட்டு விழுவான். எங்கள் கூரையிலிருந்து தூசி கொட்டும்.

"நாப்பத்தொண்டு," என்பார் இவர், எண்ணிக்கொண்டு. "நாப்பத்திரெண்டு. இவன் எப்ப எழும்பப் போறான்?"

செப்டம்பரில் முதல் போட்டி. தோற்றான். மார்ச் நடுப்பகுதிக்குள் பதினொரு போட்டி, பதினொன்றிலும் தோல்வி. திகதி, இடம், எத்தனை நிமிடம், எங்கே அடி என்று நான் குறித்து வைத்திருந்தேன். எனக்கு விளங்காதது என்னவென்றால், தோற்றுவிட்டு வரும்போதெல்லாம் அவன் படியில் சீட்டியடித்துக்கொண்டு ஏறுவான்.

"தோத்துப்போட்டு ஏன் தம்பி சிரிக்கிறாய்?"

"இண்டைக்கு நல்லாத் தோத்தனான், சிஞ்ஞோரா. எல்லாரும் எழும்பி நிண்டவை."

யாரை யார் வெல்வது என்று முன்பே பேசி வைப்பார்கள் என்று இவர் சொன்னார். "ரெஸ்லிங் எண்டு சொல்லிப்போட்டு நாடகம் ஆடுறாங்கள்." அப்படியானால் தோளில் இருந்த அந்த ஊதா நிறக் கண்டல்? அதில் எண்ணெய் தடவியது நான். கண்டல் நாடகம் இல்லை. ஒருநாள் அவனிடமே நேராகக் கேட்டேன்: முன்பே பேசி வைப்பீர்களா? அவன் என் முகத்தைப் பார்த்துவிட்டு, மிகவும் மரியாதையாக, "அதைக் கதைக்கிறேல்லை, சிஞ்ஞோரா," என்றான். அந்தத் தொழிலில் அது பழக்கமாம். மேடையில் நடக்கப் போவதை வெளியாளுக்குச் சொல்லக் கூடாது, பெற்ற தாய்க்கும் சொல்லக் கூடாது.

அதைவிடப் பெரிய குழப்பம் மீன்காரர். போர்கோ வெக்கியோ சந்தையில் மீன் விற்கிற, ஐம்பது வயதுத் தடித்த மனிதர். அவரும் மல்யுத்தக்காரர், மேடையில் அவர்தான் கெட்டவர். டிசம்பரில் தம்பியின் கழுத்தை நெரித்துத் தோற்கடித்தார் என்று குறித்திருந்தேன். அடுத்த செவ்வாய்க்கிழமை அதே மனிதர் ஒரு கிலோ சாளை மீனோடு எங்கள் வாசலில் நிற்கிறார், மேலே ஏற மூச்சு வாங்குகிறதாம், நான்தான் தம்பியிடம் கொடுத்துவிட வேண்டுமாம்.

"இவர்தானே உன்ரை கழுத்தை நெரிச்சவர்?" என்று பிறகு கேட்டேன்.

"ஓம். அவரை மாதிரிக் கவனமா நெரிக்கிற ஆள் இந்தத் தீவிலை இல்லை."

அதற்கு என்ன எழுதுவது? 'மீன் ஒரு கிலோ, நெரித்தவர் தந்தது' என்று எழுதினேன்.

மார்ச் மாதம் தொடங்கியபோது அவன் சிரிப்பது குறைந்தது. ஐரோப்பாவில் இரண்டு வருடம் பார்ப்பேன், சரிவராவிட்டால் வந்துவிடுவேன் என்று தாய்க்கு வாக்குக் கொடுத்திருந்தான். மே மாதத்தோடு அந்த இரண்டு வருடம் முடிகிறது. இதற்கிடையில் வடக்கிலிருந்து ஒரு மல்யுத்தக் குழுவினர் ஆள் தெரிவுக்கு வருவதாகச் செய்தி. ஊர் ஊராக, நாடு நாடாகப் போகிற குழு. பள்ளியிலிருந்து ஒருவரை மட்டும் எடுப்பார்கள். 19ஆம் திகதி பக்கத்து ஊரான பகேரியாவில் நடக்கிற போட்டியைப் பார்த்து முடிவு செய்வார்கள். எடுத்தால் அவன் மல்யுத்தக்காரன். எடுக்காவிட்டால் மே மாதம் மார்தினிக், மாமனின் டயர்க் கடை.

வியாழக்கிழமை ஒரு மஞ்சள் சட்டையைக் கொண்டுவந்தான். கையில்லாதது, புதிது. "முதுகிலை ஒரு சூரியன் தைச்சுத் தாங்கோ, சிஞ்ஞோரா. வேறை ஒண்டும் வேண்டாம்." சூரியனைச் சிவப்புத் துணியில் வெட்டியும் வைத்திருந்தான்.

சூரியனைத் தைத்து முடித்துத் திருப்பியபோதுதான் முன்பக்கத்தைப் பார்த்தேன். கழுத்திலிருந்து கீழ் விளிம்பு வரை நேராக வெட்டி, கையால் பெரிய பெரிய நூலோட்டம் போட்டு மூட்டியிருந்தது. ஒரு தையலுக்கும் அடுத்ததற்கும் ஒன்றரை சென்றிமீற்றர். பழகுகிற பிள்ளைகூட அப்படித் தைக்காது. எங்கேயோ மாட்டிக் கிழித்துவிட்டு, சொல்ல வெட்கப்பட்டுத் தானே தைத்திருக்கிறான் என்று நினைத்தேன். தூரத்திலிருந்து வந்த ஆட்கள் முன்வரிசையில் இருந்து பார்க்கப் போகிறார்கள். இந்தத் தையலோடா போய் நிற்பான்?

நூலோட்டத்தை முழுவதும் பிரித்தேன். மெசினில் இரட்டைத் தையல் போட்டேன். உட்பக்கம் நாடாப்பட்டி வைத்து மறுபடி ஒரு ஓட்டம். கழுத்தடியில் இழுபடும் என்று மூன்று தரம் முன்னும் பின்னுமாகக் கட்டினேன். வெளியிலிருந்து பார்த்தால் வெட்டே தெரியாது. அவனிடம் ஒன்றும் சொல்லவில்லை. ஒருவரின் கைவேலை கூடாது என்று முகத்துக்கு நேரே சொல்வதில்லை, திருத்திவிட்டுச் சும்மா இருப்பதுதான் என் வழக்கம். மடித்துக் கொடுத்தேன். சூரியனைப் பார்த்து நன்றி சொல்லிக் கொண்டுபோனான்.

ஞாயிறு மூன்றரைக்கு மத்திய நிலையத்தில் நானும் இவரும் ரயில் ஏறினோம். பகேரியாவில் இறங்கி, விளையாட்டு மண்டபத்துக்குப் பதினொரு நிமிட நடை. கதிரைகள் பதினான்கு வரிசை, வரிசைக்குப் பன்னிரண்டு. முன்வரிசையில் மூன்று பேர், மடியில் காகிதத்தோடு. நடுவில் குட்டைமயிரும் கண்ணாடியுமாக ஒரு பெண்.

தம்பி வந்தான். சூரியன் நன்றாக விழுந்திருந்தது. மீன்காரர் வந்தார். சனம் கூவியது. எனக்கு முன்னாலிருந்த கிழவி, "உன் மீன் நாறுது!" என்று கத்தினாள். அவர் அவளுக்கு மூக்கைப் பொத்திக் காட்டினார். ஏழு நிமிடம் மீன்காரர் அடித்தார், தம்பி விழுந்தான். மொட்டைமாடியில் கேட்ட அதே சத்தம். பிறகு மீன்காரர் அவனைத் தூக்கி நிறுத்தி, சனத்தைப் பார்த்து ஒரு இளிப்பு இளித்து, இரண்டு கையாலும் சட்டையின் கழுத்தைப் பிடித்து இழுத்தார்.

சட்டை கிழியவில்லை.

இன்னொரு தரம் இழுத்தார். தம்பி இரண்டு அடி முன்னால் வந்தான், சட்டை அப்படியே இருந்தது. இரண்டு பேரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். அந்தப் பார்வையைக் கண்டதும் இவரின் கையைப் பிடித்தேன்.

"என்னப்பா," என்றேன் இவரிடம். "அவர் அதைக் கிழிக்கப் பாக்கிறார்."

"ஓம். கிழிக்கிறதுக்குத்தான் இழுக்கிறார். ஏன் கிழியுதில்லை?" இவர் என் முகத்தைப் பார்த்தார். "நீ தைச்சதோ?"

"ஓம்."

"எத்தினை ஓட்டம்?"

"நாடாவோடை மூண்டு. கழுத்தடியிலை கட்டும் போட்டனான்."

"கடவுளே," என்று இவர் கதிரையில் சரிந்தார்.

மீன்காரர் சட்டையைப் பிடித்தபடி மேடையைச் சுற்றினார், தம்பி பின்னால் ஓடினான். அவர் விளிம்பைப் பல்லால் கடித்தார். அப்போதுதான் சனம் சிரிக்கத் தொடங்கியது. பதினொரு போட்டியிலும் அவனுக்காக எழும்பி நின்றவர்கள் இருந்தார்கள், சிரித்தவர்கள் இல்லை. நான் கண்ணை மூடிச் செபம் சொல்லத் தொடங்கி, எதற்காகச் செபிக்கிறேன் என்று தெரியாமல் நிறுத்தினேன். கிழியவேண்டும் என்றா, என் தையல் நிற்கவேண்டும் என்றா? இந்த இடம்தான் குறிப்பேட்டில் முதல் வெட்டு.

கண்ணைத் திறந்தபோது மீன்காரரின் கை கழுத்து ஓட்டைக்குள் மாட்டிக்கொண்டிருந்தது. தம்பி அதைக் குனிந்து பார்த்தான். பிறகு சனத்தைப் பார்த்தான். மெதுவாக, ஆளோடு சேர்ந்து பின்பக்கம் விழுந்து உருண்டான். உருண்டு முடிந்தபோது மீன்காரர் கீழே, இவன் மேலே. நடுவர் என்ன செய்வதென்று தெரியாமல் ஒரு நொடி நின்றுவிட்டு, மூன்று வரை எண்ணினார். மண்டபம் காலால் தரையை இடித்தது. பன்னிரண்டாவது போட்டி, முதல் வெற்றி. அது வெற்றிதானா என்பது இரண்டாவது வெட்டு.

பின்வாசலில் மீன்காரர் சுவரைப் பிடித்துக்கொண்டு கண்ணீர் வரச் சிரித்தார். "சிஞ்ஞோரா, என்ரை பல்லு ஒண்டு ஆடுது!" தம்பி வாங்கில் இருந்தான். சட்டை மடியில். கழுத்தைச் சுற்றிச் சிவப்புக் கோடு.

"தம்பி, நான்தான் தைச்சனான். முன்பக்கம்."

"தெரியும்."

"அது கிழியிறதுக்கெண்டே தைச்சு வைச்சிருந்தனீ?"

"ஓம். கிழிய, எனக்குக் கோபம் வரோணும். எழும்பி அடிச்சு வெல்லோணும். அதுதான் இண்டைக்கு."

"ஏன் எனக்கு ஒரு சொல்லுச் சொல்லேல்லை?"

"சொல்லுறேல்லை, சிஞ்ஞோரா." கொஞ்ச நேரம் சட்டையைத் தடவினான். "நீங்களும் ஏன் சொல்லேல்லை?"

ஆறு மாதமாக நான் அறிய முடியாமல் இருந்ததை, மூன்று ஓட்டம் தைத்துக் கெடுத்ததால் அவனே சொல்லிவிட்டான் என்பது எனக்கு அப்போது உறைக்கவில்லை.

கண்ணாடி போட்ட பெண் வந்தாள். முகத்தில் சிரிப்பும் இல்லை, கோபமும் இல்லை. "நாளைக்குப் பதினொரு மணிக்குப் பயிற்சி மண்டபத்துக்கு வா. உன்னோடை மோதினவரும் வரட்டும். இன்னொருக்கால் பாக்கோணும்," என்றாள். போகத் திரும்பியவள் நின்று, "சட்டையையும் கொண்டு வா," என்றாள்.

ரயிலில் நான்கு பேரும் எதிரெதிரே இருந்தோம்.

"அவளுக்கு அது பேசி வைச்சது எண்டு நினைப்பு," என்றார் மீன்காரர். "கிழியாத சட்டைதான் அவளுக்குப் பிடிச்சது."

"இல்லை, பிழைச்சது எண்டு தெரியும்," என்றார் இவர். "ஒழுங்காக் கிழிச்சா எப்பிடி இருக்கும் எண்டு பாக்கப் போறாள்."

தம்பி யன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தான். "ஆக்கள் சிரிச்சது எனக்கோ, சட்டைக்கோ?" என்று கேட்டான். பிறகு, யாரும் கேட்காமலே, "நான் கோபக்காரனா வரத்தான் பழகினனான்," என்றான். கவலையா என்று முகத்தைப் பார்த்தேன். வாயின் ஒரு ஓரம் மட்டும் சிரித்தது. வீட்டில் மீதியிருந்த இரண்டு பலகாரத்தையும் அவனுக்கே கொடுத்தேன். சட்டையை என்னிடம் விட்டுவிட்டு மேலே போனான். அது பிரிப்பதற்கா, துவைப்பதற்கா என்று சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. குறிப்பேட்டில் அன்றைய கடைசி வரி: 'சட்டை என்னிடம். என்ன செய்வது?' அதையும் வெட்டினேன். அது மூன்றாவது.

மார்ச் 20, திங்கட்கிழமை. ஐந்து பத்துக்கு எழும்பினேன். தேநீருக்கு முன், செடிக்கு முன், பதினேழு படி ஏறிக் கதவைத் தட்டினேன். அவன் விழித்திருந்தான்.

"கிழியோணுமோ, கிழியக்கூடாதோ? வாயைத் திறந்து சொல்லு."

"முதலாம் இழுவைக்குக் கிழியக்கூடாது," என்றான். "ரெண்டாம் இழுவைக்கும் கூடாது. ஆக்கள் சிரிக்கட்டும். மூண்டாவதுக்குக் கிழியோணும், ஒரேயடியா." பிறகு, "அப்பிடித் தைக்க ஏலுமோ?" என்றான்.

தெரியாது என்று சொன்னேன். கீழே வந்து பழைய துணியில் ஆறு துண்டு வெட்டி, ஒவ்வொன்றிலும் வேறு வேறு நீளத்தில் தையல் போட்டு, சாரத்தோடு தூங்கிக்கொண்டிருந்த இவரை எழுப்பி, ஒரு முனையைக் கையில் கொடுத்து இழுக்கச் சொன்னேன். முதல் துண்டு இரண்டாம் இழுவையிலேயே கிழிந்தது. அடுத்ததைக் கொடுத்தேன்.